செம்மறி ஆடு இறந்தால் என்ன கிடைக்கும், எப்படிப் பெறுவது: காப்பீடு, பேரிடர் நிவாரணம், இலவச மருத்துவம்

ஆனி, ஆடியில் கிடாய் சேர்ந்த செம்மறிகள் சுமார் 150 நாள் சினைக்குப் பிறகு கார்த்திகை, மார்கழியில் குட்டி போடும். வடகிழக்குப் பருவமழையும் அதே நேரத்தில்தான் பெய்கிறது. ஈரப் பட்டி, கொழுந்துப் புல், நிறைசினை ஆடுகள், பிறந்த குட்டிகள் எல்லாம் ஒன்றுசேரும்போது கிடையில் இழப்பு வரும். ஆடு செத்த பிறகு எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தேடுவதால்தான் பலருக்கும் பணம் கிடைப்பதில்லை. கிடைக்குமா கிடைக்காதா என்பது ஈற்றுக்கு முன்பே ஆட்டின் காதில் தோடு (எண் பொறித்த அடையாள வில்லை) ஏறியதா, தடுப்பூசி பதிவானதா என்பதைப் பொறுத்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நோயிலோ ஈற்றுச் சிக்கலிலோ தாய் ஆடு இறந்தால் காப்பீட்டைத்தான் நம்ப வேண்டும். வெள்ளத்திலும் புயலிலும் இறந்தால் வருவாய்த் துறை வழியாகப் பேரிடர் நிவாரணம் உண்டு. பிறந்து சில நாளான குட்டி நோயில் இறந்தால் பணமாக எதுவும் வராது. தோடு குத்தி, வயதும் விலையும் மதிப்பிட்டுப் பாலிசியில் ஏறிய ஆட்டுக்குத்தான் காப்பீடு செல்லும். குட்டிக்கு அரசு தருவது இலவச மருத்துவமும் தடுப்பூசியும்தான்.

காப்பீடு

தேசிய கால்நடை இயக்கம் என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தின் கீழ் மானியத்தோடு காப்பீடு செய்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை விதிகளை எளிமையாக்கியது. அதுவரை 20 முதல் 50 சதவீதம் வரை இருந்த விவசாயியின் பங்கு, எல்லோருக்கும் 15 சதவீதம் என்றானது. மிச்சத்தை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்று பகிர்கின்றன. ஓர் ஆட்டுக்கு பிரீமியம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் 15, ஒன்றிய அரசு 51, மாநில அரசு 34. செம்மறி, வெள்ளாட்டுக்கான வரம்பும் 5 கால்நடை அலகிலிருந்து 10 அலகாக உயர்ந்தது. 10 ஆடு சேர்ந்தது ஓர் அலகு. ஆகவே 100 ஆடு வரை மானியம் உண்டு. கிடையில் அதற்கு மேல் இருந்தால் சினை ஆடுகளையும் பொலிகிடாய்களையும் முதலில் சேர்ப்பதே நல்லது.

உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தின் கால்நடை உதவி மருத்துவரிடம் பெயர் கொடுங்கள். ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்துத்தான் சேர்ப்பார்கள் என்பதால் மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். மருத்துவர் ஆட்டைப் பரிசோதித்து, விலை மதிப்பிட்டு, 12 இலக்க எண்ணுள்ள தோட்டைக் காதில் மாட்டிப் படம் எடுப்பார். அந்த எண் பாலிசியில் சரியாக ஏறியிருக்கிறதா என்று அன்றைக்கே ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் அது வேறு ஆடு.

தோடு இல்லையென்றால் இழப்பீடு இல்லை. இதில் காப்பீட்டு நிறுவனங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. செம்மறிகள் வேலியிலும் முள்ளிலும் காதை இழுத்துத் தோட்டை அறுத்துக்கொள்ளும். அறுந்தால் ஆடு உயிரோடு இருக்கும்போதே மருந்தகத்தில் சொல்லி மறுதோடு போட்டு, புதிய எண்ணை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆட்டை விற்றால் மிச்சக் காலத்துக்கான பாலிசியை வாங்கியவர் பெயருக்கு மாற்றலாம்.

அடுத்த சிக்கல் தடுப்பூசி. துள்ளுமாரி (குடல் நச்சு நோய்), ஆட்டம்மை, தொண்டை அடைப்பான் போன்ற நோய்களால் இறந்தால், தடுப்பூசி போட்டதற்கான சான்று இல்லாமல் பணம் தர மாட்டோம் என்ற நிபந்தனை பாலிசியில் வழக்கமாக இருக்கும். பாலிசி தொடங்கிய முதல் சில நாள்களில் வரும் நோய்க்கும் பொறுப்பேற்பதில்லை. முகாமில் ஊசி போட்டால் மட்டும் போதாது, தோடு எண்ணோடு பதிவாகியிருக்க வேண்டும். துள்ளுமாரி ஊசியை ஈற்றுக்கு 4 முதல் 6 வாரம் முன்பு தாய்க்குப் போட்டால், அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியே குட்டிக்கும் போகும். ஆட்டுக்கொல்லி நோய் (பிபிஆர்) ஊசி இலவசம். குட்டிக்கு 4 மாதத்தில் போட வேண்டும்.

ஆடு இறந்த அன்று

காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருந்தகத்துக்கும் உடனே சொல்லுங்கள். தோடு எண் தெளிவாகத் தெரியும்படி ஆட்டின் படத்தையும், முழு உடல் படத்தையும் எடுங்கள். உடலைப் புதைக்கவோ கறிக்குக் கொடுக்கவோ கூடாது. துள்ளுமாரியில் இறந்த ஆடு சில மணி நேரத்தில் ஊதிப் போகும், உறுப்புகள் கெட்டுவிட்டால் காரணத்தை எழுத முடியாது. அதனால் காலையில் பார்த்த உடலுக்கு அன்றே பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும். மேய்ச்சலுக்குப் போன இடத்தில் இறந்தால் அந்த ஊர் மருந்தகத்தைத்தான் அணுக வேண்டும். கிடையோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் பாலிசி, தோடு எண் பட்டியல், தடுப்பூசிச் சான்று மூன்றையும் படமாகப் போனில் வைத்திருக்க வேண்டும்.

மூக்கு, வாய், ஆசனவாயிலிருந்து உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வடிந்து திடீரென்று இறந்திருந்தால் அடைப்பான் நோயாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அந்த உடலை யாரும் அறுக்கக் கூடாது; மனிதருக்கும் தொற்றும். மருத்துவர் காதிலிருந்து ரத்தத் துளி எடுத்துப் பரிசோதித்துச் சான்று தருவார். உடலைத் தோலுரிக்காமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும்.

இழப்பீட்டுக்கு நான்கு காகிதம்தான் தேவை: இறப்பைத் தெரிவித்த தகவல், பாலிசி, இழப்பீட்டு விண்ணப்பம், பிரேதப் பரிசோதனை அறிக்கை. தேசிய கால்நடை இயக்கத்தின் வழிகாட்டுதல்படி, இவற்றைக் கொடுத்த 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதித்தால் நிறுவனம் ஆண்டுக்கு 12 சதவீதக் கூட்டு வட்டி தர வேண்டும். ஆகவே கொடுத்த தேதியுடன் கையொப்பமிட்ட ஒப்புகை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

வெள்ளம், புயல், மின்னல்

இதற்குக் காப்பீடு இருக்க வேண்டியதில்லை. பேரிடர் நிவாரண நிதியில் செம்மறி, வெள்ளாடு ஒன்றுக்கு 4,000 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு 30 ஆடு வரை. தமிழ்நாட்டில் 3,000 ஆக இருந்தது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை ஒட்டி 4,000 ஆனது. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, கால்நடை மருத்துவரின் இறப்புச் சான்றோடு வட்டாட்சியருக்கு மனுக் கொடுக்க வேண்டும். வெள்ளம் அடித்துப் போன ஆட்டுக்கு உடல் கிடைக்காது. முன்பே தோடு எண்ணும் தடுப்பூசிப் பதிவும் இருந்தால் இத்தனை ஆடு இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. வெறிநாய்க்கடி, தெருநாய்க் கூட்டம் கடித்த இழப்புக்கும் 2025இல் அரசு இழப்பீடு அறிவித்தது. கடிபட்ட உடலை மருத்துவர் பார்த்துச் சான்று தருவது அதற்கும் அவசியம்.

குட்டியைக் காக்க

பணம் வராத இடம் இதுதான் என்பதால் 1962 என்ற எண்ணை நன்றாகப் பயன்படுத்துங்கள். கட்டணமில்லா அழைப்பு, நடமாடும் மருத்துவ ஊர்தி கிடை இருக்கும் இடத்துக்கே வரும். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரத்தில் குட்டி வரவில்லையா, நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழவில்லையா, அழையுங்கள். நிறைசினை ஆடு கூட்டத்தை விட்டு ஒதுங்கி, தீவனம் தொடாமல் பல்லை நறநறக்கிறது என்றாலும் அழையுங்கள். அது இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கு வரும் சினைக்கால நச்சு. வயிற்றை இரண்டு குட்டியும் அடைத்துக்கொள்வதால் தீவனம் கொள்ளாது; உடல் தன் கொழுப்பை எரித்து நஞ்சேறும். கடைசி மாதம் தினமும் 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கொடுத்தால் பெரும்பாலும் வராது.

பிறந்ததும் மூக்கைத் துடைத்து, தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் தோய்த்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கவிட வேண்டும். 2.5 கிலோ குட்டிக்கு முதல் தடவை 125 மில்லி, முதல் நாள் முழுக்க அரை லிட்டர். மழையில் நனைந்து துவண்ட குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்து, விரலைச் சப்பவும் இல்லையென்றால் பால் புகட்டாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் சாக்கால் தேய்த்து, அனல் காட்டிச் சூடேற்றி, சப்பத் தொடங்கிய பிறகே பால்.

இரண்டு மூன்று ஆடுகள் அடுத்தடுத்து கன்று வீசினால் (கரு கலைந்து விழுந்தால்) அதை மழை, பயம் என்று விடாதீர்கள். விழுந்ததை வெறுங்கையால் தொடாமல் தனியே மூடிவைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். புருசெல்லா நோய் ஆளுக்கும் வரும். ஆட்டுக்கொல்லியாக இருந்தால் கிடை முழுதும் ஆபத்தில் இருக்கிறது. மாதிரியைக் கால்நடைத் துறை ஆய்வகத்துக்கு அவரே அனுப்புவார்.

இழப்பீடு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு கால்நடைத் துறை மண்டல இணை இயக்குநரிடமும், தீராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனுக் கொடுங்கள். மனுவில் தோடு எண், இறந்த தேதி, தகவல் சொன்ன நேரம் மூன்றும் இருக்க வேண்டும்.