மரக்குற்றியிலிருந்து ‘லொக் இன்’ வரை

திருகோணமலை கொட்பேத் துறைமுகத்தில் கட்டிநிற்கும் பலநாள் படகில் லொக் (log) புத்தகம் இருக்கும். கரையில் பிள்ளைகள் போனில் ‘லொக் இன்’ பண்ணுவார்கள். மரக்காலையில் ‘லொக்’ என்றால் குற்றி. மூன்றும் ஒரே சொல்தான்.

குற்றி என்ற பொருளே மூத்தது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே அது உண்டு. அந்தக் குற்றி கடலுக்குப் போனதில்தான் மற்றப் பொருள்கள் பிறந்தன. ஓடும் கப்பலிலிருந்து கயிறு கட்டிய மரத்துண்டொன்றைப் போட்டால் அது ஏறத்தாழ அசையாமல் மிதக்கும்; கப்பல் விலக விலகக் கயிறு ஓடும். எவ்வளவு கயிறு ஓடியதென்று அளந்தால் வேகம் தெரிந்துவிடும். 1574இல் வில்லியம் போர்ன் இந்த முறையை எழுதிவைத்தார்.

பிற்காலத்தில் குற்றிக்குப் பதில் கால்வட்டப் பலகை வந்தது. வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பதால் அது தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும். முதலில் கொஞ்சம் கயிற்றைக் கணக்கில்லாமல் விடவேண்டும். பலகை கப்பலின் பின்னலையைத் தாண்டவேண்டுமல்லவா? அதன் முடிவில் கட்டிய துணி கையைக் கடந்ததும் 28 செக்கன் மணற்கடிகாரத்தைக் கவிழ்ப்பார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கொரு முடிச்சு. மணல் தீர்வதற்குள் 6 முடிச்சு ஓடினால் மணிக்கு 6 கடல் மைல். கப்பல் வேகத்தை இன்றும் ‘முடிச்சு’ என்று எண்ணுவது இதனால்தான். பிறகு கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் ஓர் ஆப்புக் கழன்று பலகை படுத்துவிடும், சுருட்டுவது சுலபம். 1817இல் பம்பாயில் தேக்கால் கட்டி, நம் ஊர்ப் பெயரைச் சூட்டிய ‘ட்ரிங்கோமலி’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் காலத்துப் பாய்க்கப்பல்கள் ஓடியது இந்தக் கணக்கில்தான்.

பிழைகளும் இதில் நிறைய. மணல் ஈரலித்தால் மெதுவாய் இறங்கும், வேகம் கூடுதலாய்க் காட்டும். நனைந்து சுருங்கிய கயிறும் அப்படியே. இழுபட்டு நீண்ட கயிறோ வேகத்தைக் குறைத்துக் காட்டும். இதுதான் ஆபத்து, நினைத்ததற்கு முன்பே இருட்டில் கரை வந்துவிடும். கருவி சரியாயிருந்தாலும் அது தண்ணீருக்குச் சார்பான வேகத்தையே தரும். எதிர் நீரோட்டம் 2 முடிச்சென்றால், லொக் 8 காட்டும்போது படகு உண்மையில் நகர்வது 6தான். ஜிபிஎஸ் காட்டுவது இந்த 6ஐ.

அளந்த வேகத்தைப் பதிந்த புத்தகம் லொக் புத்தகமானது. நேரப்படி எழுதும் எந்தப் பதிவும் பிறகு ‘லொக்’ ஆனது. 1960களில் பலர் பகிர்ந்த கணினிகளில் யார் எப்போது நுழைந்தார் என்று பதிய ‘லொக் இன்’ வந்தது. 1997இல் ‘வெப்லொக்’, 1999இல் அது சுருங்கி ‘புளொக்’.

கணித வகுப்பு ‘லொக்’ மட்டும் இந்தக் குடும்பமில்லை. ‘லோகோஸ்’, ‘அரித்மோஸ்’ என்ற கிரேக்கச் சொற்களை இணைத்து ஜோன் நேப்பியர் 1614இல் வெளியிட்ட ‘லொகரிதம்’ (மடக்கை) என்ற பெயரின் சுருக்கம் அது.