அரோமா சென்சார்: மண உணரி

பழத்தை வெட்டாமல், அமுக்கிப் பார்க்காமல், அதிலிருந்து ஆவியாகி வரும் பொருள்களை வைத்தே பழுத்த பதத்தைக் கண்டறிய உதவுவது அரோமா சென்சார்.

கிரேக்க மொழியில் 'அரோமா' என்றால் மணப்பொருள். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'சென்சார்' என்பதற்கு வேர், உணர்தலைக் குறிக்கும் 'சென்டிரே' என்ற லத்தீன் வினை. தமிழில் 'உணர்' என்பதோடு இகர விகுதி சேர்த்து 'உணரி' என்கிறோம். அதில் சிக்கல் இல்லை.

சிக்கல் முன்பாதியில்தான். 'நறுமண உணரி' என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் கருவி நறுமணத்தை மட்டுமா பார்க்கிறது? வாழையையே எடுத்துக்கொள்வோம். காயாக இருக்கும்போது ஹெக்சனால் போன்றவற்றின் பச்சை வாடை. பழுத்ததும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டர் (பழமணம் தரும் சேர்ம வகை) மேலோங்கும். வாழைப்பழ மணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதைத்தான். அளிந்துபோனால் எத்தனால் என்ற ஆல்கஹால் கூடும். காய், செங்காய், பழம், அளிந்தது என எல்லா நிலைகளையும் பிரித்தறிய வேண்டிய கருவிக்கு 'மண உணரி' என்பதே பொருந்தும். பழைய வழக்கில் 'நாற்றம்' என்ற சொல்லே பொதுவாக மணத்தைக் குறித்தது. இன்று 'நாற்ற உணரி' என்று பெயர் வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள்!

சரி, உணரி எப்படி உணர்கிறது? பரவலாகப் பயன்படும் ஒரு வகையில், சூடாக்கிய வெள்ளீய ஆக்சைடு படலம் இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன்மேல் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும், மின்தடை உயரும். எஸ்டரோ ஆல்கஹாலோ வந்து அந்த ஆக்சிஜனுடன் வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுபட்டு, மின்தடை இறங்கும். அந்த இறக்கத்தைத்தான் அளக்கிறார்கள்.

ஓர் உணரி பல வாயுக்களுக்கும் மாற்றம் காட்டும் என்பதால், தனியாக அதை நம்ப முடியாது. வெவ்வேறு உணரிகளைக் கூட்டாக வைத்து, எல்லாம் சேர்ந்து காட்டும் கோலத்தைக் கணினிக்குப் பழக்கிவிடுவார்கள். இந்த முழு அமைப்புக்குப் பெயர் 'மின்னணு மூக்கு', சுருக்கமாக மின்மூக்கு. 1982இல் பெர்சாட், டாட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதன் முன்மாதிரியை வெளியிட்டார்கள். உணரியையும் மின்மூக்கையும் ஒன்றாக்கி எழுதுவது தவறு.

பழங்கள் வெளிவிடும் எத்திலீன் என்ற வாயுவை அளக்கும் எத்திலீன் உணரி இன்னொன்று. மா, வாழை, ஆப்பிள் பழுக்கும்போது எத்திலீன் ஏறும், அதை அளந்தால் பதம் தெரியும். திராட்சை, ஆரஞ்சு போன்றவற்றில் அப்படி ஏறுவதில்லை, அவற்றுக்கு அந்த அளவீடு உதவாது.