கணக்குப் போடும் வேலை எப்போது வரும்?

எங்கள் கார்ப்பரேட் வரிப் பிரிவுக்கு இன்டர்ன்ஷிப் வந்த மூன்றாவது நாள் ஒரு மாணவி என் மேசைக்கு வந்து, "மேடம், கால்குலேஷன் எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். அதுவரை அவருக்குக் கொடுத்திருந்த வேலை இதுதான்: ஒரு கட்டுமான நிறுவனத்தின் வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் படிக்க வேண்டும், வேலை தொடங்கும் தேதி, முடியும் தேதி, எத்தனை பேர் அங்கே போகிறார்கள் என்பதை எக்செல் ஷீட்டில் ஏற்ற வேண்டும். வரிப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். விகிதங்களை மனப்பாடமாகச் சொல்வார். அவருக்குத் தேதி ஏற்றுகிற வேலை கொஞ்சம் கசந்திருக்கும்.

அந்த வாரக் கடைசியில் அவரே அந்த ஷீட்டோடு திரும்பி வந்தார். ஒரு ஒப்பந்தத்தில் வேலை ஐந்து மாதத்தில் முடிய வேண்டும். ஆனால் கோப்பின் கடைசியில் ஒரு நீட்டிப்புக் கடிதம் இருந்தது. அதன்படி வேலை இன்னும் இரண்டு மாதம் தள்ளிப் போகிறது. "முடியும் தேதின்னு எதைப் போடட்டும் மேடம்?"

அவருக்கு அது சாதாரண சந்தேகம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு நிறுவனம் வேறு நாட்டில் போய்க் கட்டடம் கட்டினால், அந்த லாபத்தின் மேல் அந்த நாடு வரி போடலாமா என்பதை இரு நாடுகளுக்கும் இடையிலான வரி ஒப்பந்தம் சொல்லும். ஓஇசிடி எனும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் மாதிரி ஒப்பந்தத்தில், கட்டுமான இடம் 12 மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அது அந்த நாட்டில் 'நிரந்தரத் தொழிலிடம்' ஆகும், அதாவது அதன் லாபத்துக்கு அந்த நாடு வரி போடலாம். ஐக்கிய நாடுகள் சபையின் மாதிரியில் அந்த வரம்பு 6 மாதம். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டாவது வகை. ஐந்து மாதம் என்றால் அங்கே கட்டுமான லாபத்துக்கு வரி இல்லை. ஏழு மாதம் என்றால் வரி உண்டு, பதிவு உண்டு, ரிட்டர்ன் உண்டு. அங்கே போன ஊழியர்களின் சம்பளத்தை அந்தத் தொழிலிடம் சுமந்தால், அவர்கள் தலையிலும் அந்த நாட்டு வரி விழும்.

அந்தக் கோப்பை அதற்கு முன் மூன்று பேர் பார்த்திருந்தோம். அதில் நானும் ஒருத்தி. கடிதம் வரைக்கும் புரட்டியவர் அந்த மாணவி மட்டும்தான்.

ஒவ்வொரு கோடையிலும் கார்ப்பரேட் வரிப் பிரிவுக்கு மாணவர்கள் வருகிறார்கள். பெரும்பாலானவர்கள் கல்லூரிக் கணக்கின் பெரிய வடிவம் ஒன்றை எதிர்பார்த்து வருகிறார்கள். பாடப் புத்தகம் லாபத்தைக் கொடுத்துவிடும், விகிதத்தையும் கொடுத்துவிடும், பெருக்கினால் விடை. இங்கே பெருக்கலை மென்பொருள் செய்துவிடுகிறது. எந்த எண்ணைப் பெருக்குவது என்று கண்டுபிடிப்பதில்தான் நாங்கள் சம்பளம் வாங்குகிறோம்.

கணக்குப் புத்தகம் காட்டும் லாபமும் வரிச் சட்டம் ஏற்கும் லாபமும் எப்போதும் ஒன்றாக இருக்காது. அபராதம் கட்டியிருந்தால் புத்தகத்தில் அது செலவு. பெரும்பாலான நாடுகளில் வரிக்கு அதைச் செலவாக ஏற்பதில்லை, லாபத்தோடு திரும்பக் கூட்ட வேண்டும். இந்த வித்தியாசம் என்றைக்கும் சரியாகாது. தேய்மானம் வேறு மாதிரி, அது காலப்போக்கில் சரியாகிவிடும். 1,000க்கு வாங்கிய இயந்திரத்தைப் புத்தகத்தில் 10 வருடத்துக்குப் பிரிக்கிறோம், வருடத்துக்கு 100. வரிச் சட்டம் 5 வருடத்திலேயே கழித்துக்கொள்ள விடுகிறது, வருடத்துக்கு 200. தேய்மானத்துக்கு முன் லாபம் 500 என்றால் புத்தக லாபம் 400, வரிக்குரிய லாபம் 300. விகிதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இந்த வருடம் கட்டுவது 75. ஆனால் 400க்கு 25 சதவீதம் 100 அல்லவா? மிச்சம் 25 எங்கே போனது? எங்கும் போகவில்லை, ஆறாவது வருடத்திலிருந்து திரும்பி வரும். அப்போது புத்தகத்தில் தேய்மானம் இருக்கும், வரியில் தீர்ந்திருக்கும், வருடத்துக்கு 125 கட்ட வேண்டி வரும். இந்த 25ஐத்தான் ஒத்திவைத்த வரி என்று கணக்கில் வைக்கிறோம். பன்னாட்டுக் கணக்கியல் தரம் ஐஏஎஸ் 12 பெரும்பாலும் இதைப் பற்றியதுதான். இன்டர்ன்ஷிப்புக்கு வருமுன் ஒன்றே ஒன்றைப் படித்துவிட்டு வர நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். விகிதங்களை நாங்களே மனப்பாடம் செய்வதில்லை.

அப்புறம், போன வருடக் கோப்பு. இதைப் பற்றி நான் கொஞ்சம் புலம்பியே ஆக வேண்டும்.

வரி வேலையில் யாரும் வெற்று ஷீட்டில் ஆரம்பிப்பதில்லை. போன வருடத்து ஒர்க்கிங் பேப்பரைத் திறந்து, வருடத்தை மாற்றி, புது எண்களைப் போடுவோம். இதில் தவறில்லை. சிக்கல் எங்கே என்றால், அந்த ஷீட்டில் யாரோ ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு ஃபார்முலாவை அழித்துவிட்டு நேராக ஓர் எண்ணை அடித்து வைத்திருப்பார். அது அடுத்த வருடமும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஒரு முறை ஒரு மாணவர் இரண்டு நாள் வேலையை அரை நாளில் முடித்துவிட்டதாகப் பெருமையோடு வந்தார். மொத்தத்தைப் பார்த்தேன். நிறுவனம் உண்மையில் செலுத்தும் வரியின் சதவீதம் 27.5 என்று வந்தது, இருக்க வேண்டியதோ 25. லாபம் 400 என்றால் 440க்கு வரி போட்ட மாதிரி. எங்கிருந்து இந்தப் பத்து சதவீதம் கூடியது என்று தேடினால், முந்தைய வருடம் கட்டிய அபராதம், லாபத்தோடு திரும்பக் கூட்டும் வரிசையில் அப்படியே இருந்தது. இந்த வருடம் அபராதமே இல்லை. அவர் தலைப்பில் வருடத்தை மட்டும் மாற்றியிருந்தார்.

அவரைத் திட்டவில்லை. அந்த எண்ணை அங்கே அடித்து வைத்தது எங்கள் ஆள்தான். ஆனால் அன்றிலிருந்து என்னிடம் வரும் எல்லோருக்கும் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் ஊர் இருக்க வேண்டும். இது எந்த ஊர் எண் என்று கேட்டால், லெட்ஜர், இன்வாய்ஸ், ஒப்பந்தம், சட்டப் பிரிவு என்று ஏதாவது ஒன்றைக் காட்டத் தெரிய வேண்டும். "போன வருடமும் இப்படித்தான் இருந்தது" என்பது ஊர் இல்லை. நாலு வருடம் கழித்து வரித்துறை அதிகாரி கேட்கும்போது நீங்களும் இருக்க மாட்டீர்கள், நானும் இருக்க மாட்டேன். பக்கத்துச் செல்லில் எழுதி வைத்த அந்த ஒரு வரிக் குறிப்பு மட்டும்தான் இருக்கும்.

சந்தேகம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வராதீர்கள், இரண்டு நாள் மௌனமாக முட்டிக்கொண்டும் இருக்காதீர்கள். நாலைந்து சந்தேகங்களைச் சேர்த்து, "நான் இதைத் தேடினேன், இதுவரை வந்தேன், இங்கே நின்றுவிட்டேன்" என்று கொண்டு வந்தால் எந்த சீனியரும் நேரம் ஒதுக்குவார்.

இனி, மாணவர்கள் தெரியாமலேயே மாட்டிக்கொள்ளும் இடம். பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தின் காலாண்டு வரி ஒதுக்கீட்டை, அதாவது வரிக்காகக் கணக்கில் எடுத்துவைக்கும் தொகையை, பார்க்கிறீர்கள் என்றால், அதன் லாபம் வெளியே அறிவிக்கப்படுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அதை வைத்துப் பங்கு வாங்குவது குற்றம். வாங்கச் சொல்லி அண்ணனுக்குச் சொல்வதும் பெரும்பாலான நாடுகளில் குற்றம். "நான் வெறும் இன்டர்ன்தானே" என்பது எந்த விசாரணையிலும் எடுபடாது. ஹாஸ்டலில் சாப்பிடும்போது கிளையன்ட் பெயரைச் சொல்லிக் கதை பேசுவதை விட்டுவிடுங்கள்.

சமீபமாக இன்னொன்று சேர்ந்திருக்கிறது. ஒப்பந்தத்தின் பத்தியை அப்படியே எடுத்து, பொதுவில் கிடைக்கும் ஏஐ சாட் தளத்தில் ஒட்டிச் சுருக்கம் கேட்கிறார்கள். கெட்ட எண்ணம் கிடையாது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான். ஆனால் ஒட்டிய நிமிடமே அந்தத் தகவல் அலுவலகத்தை விட்டு வெளியே போய்விட்டது. அலுவலகம் அனுமதித்த கருவி எது என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். கல்லூரிக்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் இதே கதைதான். ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். செய்முறையை எழுதி, எண்களைக் கற்பனையாகப் போட்டு, கொடுப்பதற்கு முன் உங்கள் சீனியரிடம் காட்டிவிடுங்கள்.

"வரியைக் குறைக்க உதவுவது ஏமாற்று வேலை இல்லையா?" என்று கேட்கிற மாணவர்களும் உண்டு. எனக்கு அவர்களைப் பிடிக்கும். நேரான பதில் பாதி தூரம்தான் போகும். வருமானத்தை மறைப்பது ஏய்ப்பு, அது குற்றம். சட்டம் தரும் சலுகையை எடுத்துக்கொள்வது திட்டமிடல். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய மைதானம் கிடக்கிறது. அயர்லாந்து ஆப்பிளிடமிருந்து 1,300 கோடி யூரோ வரையிலான வரியை வசூலிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2016இல் சொன்னது. 2020இல் ஒரு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024இல் மேல்நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. எட்டு வருடம், ஒரே ஆவணங்கள், வெவ்வேறு விடை. இதற்கிடையே 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள், ஆண்டுக்கு 75 கோடி யூரோவும் அதற்கு மேலும் வருவாய் உள்ள பன்னாட்டுக் குழுமங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி என்று ஒத்துக்கொண்டன. நேற்றைய திட்டமிடல் நாளைக்குச் செல்லாமல் போகலாம். அதனால் இந்த மைதானத்தில் கோடு எங்கே என்று இரண்டு மாதப் பயிற்சியில் யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஒன்றில் மட்டும் குழப்பமே வேண்டாம். யாராவது உங்களிடம் ஓர் ஆவணத்தில் பழைய தேதியைப் போடச் சொன்னால், வார்த்தை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் போடாதீர்கள். "இதை மெயிலில் எழுதி அனுப்ப முடியுமா சார்?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் அந்த இடத்தில் பயிற்சி தேவையில்லை, சான்றிதழ் போனால் போகட்டும்.

அந்த மாணவிக்குக் கடைசி வாரத்தில் அவர் கேட்ட கால்குலேஷன் கிடைத்தது. அந்தக் கட்டுமான இடத்தின் லாபத்தைப் பிரித்து வரி கணக்கிடுவது. முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். தேதிகளை உறுதிசெய்ய, ஆட்கள் உண்மையில் எந்த நாள் வேலையைத் தொடங்கினார்கள் என்று கிளையன்ட்டிடமிருந்து வாங்க, அதற்கு முன் ஒன்பது நாள் ஆகியிருந்தது. ரிவியூவுக்கு என்னிடம் வந்த ஷீட்டில், முடியும் தேதிக்குப் பக்கத்துச் செல்லில், நீட்டிப்புக் கடிதத்தின் தேதியும் பக்க எண்ணும் இருந்தன.