அருட்சகோதரர் என்றால் யார்?

கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த சமூகங்களில், ‘பிரதர்’ என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் குருவாவதற்காகக் குருமடத்தில் படிப்பவர். லீவுக்கு வந்து பீடச் சிறுவர்களுக்கு மணி எப்போது அடிப்பது, தூபக்கால் எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுப்பார், குருப்பட்டம் வாங்கிய அன்றிலிருந்து அவர் ‘ஃபாதர்’. இன்னொருவர் கடைசிவரை பிரதர்தான். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளையும் கொடுத்த முழுத் துறவி, ஆனால் பூசை வைக்க மாட்டார், பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்க மாட்டார். அருட்சகோதரர் என்ற சொல் சரியாகப் பொருந்துவது இவருக்குத்தான். ஏற்காட்டில் 1917இல் மான்ஃபோர்ட் பள்ளியைத் தொடங்கிய புனித கபிரியேல் சபையினர் இந்த வகை. இவர்களிடம் போய் ‘எப்போ ஃபாதர் ஆவீங்க?’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள், இது தனி அழைத்தல், குருத்துவத்துக்குப் போகும் வழியில் பாதியில் நின்றது இல்லை.

வேர்ச்சொல் லத்தீன் ‘ஃப்ராத்தெர்’. பிரெஞ்சில் அது ‘ஃப்ரேர்’ ஆகி, அங்கிருந்து ஆங்கில ‘ஃப்ரையர்’ வந்தது. ‘பிரதர்’, சமஸ்கிருத ‘ப்ராத்ரு’ எல்லாம் ஒரே குடும்பம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசிசி பிரான்சிஸ் தன் கூட்டத்துக்கு ‘சிறிய சகோதரர்கள்’ என்றுதான் பெயர் வைத்தார். அவரே குருவாகவில்லை, குருவுக்கு ஒரு படி கீழான திருத்தொண்டராகவே இருந்தார். ஃப்ரையரையும் ‘மாங்க்’கையும் நாம் பொதுவாகத் துறவி என்று எழுதிவிடுகிறோம், அதில் வித்தியாசம் தொலைந்துபோகிறது: மாங்க் மடத்தோடு தங்கிவிடுபவர், ஃப்ரையர் ஊருக்குள் ஜனங்களோடு திரிந்து பணி செய்பவர். ஃப்ரையர்களில் குருக்களும் உண்டு என்பதால், மொழிபெயர்க்கும்போது அந்தச் சொல்லைக் கண்ட இடமெல்லாம் அருட்சகோதரர் என்று போடவும் முடியாது, ஆளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

சகோதரர் வடசொல், ஒரே உதரத்தில், அதாவது ஒரே வயிற்றில் பிறந்தவர். புதிய ஏற்பாட்டின் கிரேக்க ‘அதெல்ஃபோஸ்’ என்ற சொல்லுக்கும் அச்சு அசலாக அதே பொருள்! தனித்தமிழில் உடன்பிறந்தார் இருக்கிறது, ஆனால் வீட்டு அண்ணன் தம்பியைச் சொல்வது போலாகிவிடும், அதனால் அருட்சகோதரரே என் தேர்வு. அருள் + சகோதரர் சேரும்போது ளகரம் டகரமாகும், அருட்பா மாதிரி. ‘அருட்ச்சகோதரர்’ என்று நடுவில் ஒரு ச் சேர்க்க வேண்டாம்.

அப்புறம், வெறும் ‘சகோ.’ என்று சுருக்கினால் பெந்தெகொஸ்தே சபைகளில் எல்லா விசுவாசிகளுக்கும் போடும் அடைமொழியோடு கலந்துவிடும். துறவியைச் சொல்லும்போது ‘அருட்சகோ.’ என்றே போடுங்கள்.