டெஸ்டர் எரியாத இரண்டு வயர்கள்

திண்டுக்கல்லில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மொட்டை மாடியில் ஒரு ப்ளக் பாயிண்ட் வேண்டியிருந்ததாம். எலக்ட்ரீஷியன் "நாளைக்கு வர்றேன்" என்று இரண்டு வாரம் இழுக்கவே, வீடியோ பார்த்து இவரே வயர் இழுத்துப் பாயிண்ட் வைத்துவிட்டார். பல்பு எரிந்தது, செல்போனுக்கு சார்ஜ் ஏறியது. ஆனால் அன்று மாலையிலிருந்து கீழே ஹாலில் அயர்ன் பாக்ஸ் போட்டாலே மெயினில் இருக்கும் ஆர்சிசிபி (கரண்ட் எங்காவது கசிந்தால் தானாக அணைந்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. மாடி ப்ளக்கில் எதுவும் சொருகாதபோதும் விழுகிறது! கடைசியில் வந்து சேர்ந்த எலக்ட்ரீஷியன், ஆர்சிசிபி கெட்டுவிட்டது, கழற்றிவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடலாம் என்கிறாராம். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். அது கெட்டுப்போகவில்லை. காரணம் அவர் கடிதத்திலேயே இருக்கிறது: "மூன்று வயரில் ஒன்றில்தான் டெஸ்டர் எரிந்தது. மற்ற இரண்டிலும் எரியவில்லை என்பதால் அவற்றைச் சேர்த்து முறுக்கிவிட்டேன்."

அந்த இரண்டில் ஒன்று நியூட்ரல், மற்றது எர்த். தெரு டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரலை நிலத்தோடு இணைத்திருப்பதால் டெஸ்டருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேலை மட்டும் வேறு. டெஸ்டர் எரிந்த வயர்தான் ஃபேஸ்; அதில் வந்த கரண்ட் திரும்பிப் போகும் வழி நியூட்ரல். எர்த்தில் சாதாரண நாளில் எதுவும் ஓடக் கூடாது. ஃபிரிட்ஜின் இரும்பு உடம்பில் கரண்ட் கசியும் அன்றைக்கு மட்டும்தான் அதற்கு வேலை.

இனி ஆர்சிசிபிக்கு வருவோம். பக்கத்தில் வரிசையாக இருக்கும் எம்சிபிகள் (அளவுக்கு மீறி கரண்ட் ஓடினால் அணைந்துவிடும் சுவிட்சுகள்) வயரைக் காப்பாற்ற வைத்தவை, ஆளை அல்ல. நம் உடம்பின் மின்தடையைச் சுமார் 1500 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் 150 மில்லி ஆம்பியர் பாயும். உயிரை எடுக்க அது தாராளம். 16 ஆம்பியர் எம்சிபிக்கோ அது ஒரு சின்ன பல்பு எரிவது மாதிரி, கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

ஆர்சிசிபி எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்ப்பதே இல்லை. போனதெல்லாம் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கிறது. அது பார்க்கும் விதம் இருக்கிறதே, எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுக்காது.

உள்ளே வளையல் மாதிரி ஒரு காந்த உலோக வளையம். வீட்டுக்குள் போகும் ஃபேஸும், வீட்டிலிருந்து வெளியேறும் நியூட்ரலும் சேர்ந்தே அந்த வளையத்துக்குள் நுழைந்து போகின்றன. ஒன்றில் 4 ஆம்பியர் போகிறது, மற்றதில் அதே 4 ஆம்பியர் எதிர்த்திசையில் வருகிறது. இரண்டும் உண்டாக்கும் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் வளையத்துக்குள் ஒன்றும் மிஞ்சுவதில்லை. 40 ஆம்பியர் ஓடினாலும் அதே கதைதான். ஈரக்கையோடு ஒருவர் பழுதான மிக்சியைத் தொட்டு, 30 மில்லி ஆம்பியர் அவர் காலடி வழியாக நிலத்துக்குப் போனால், திரும்பி வருவதில் அந்த அளவு குறையும். வளையத்தில் ஒரு துளி காந்தப்புலம் மிஞ்சும். வளையத்தின் மேல் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிச் சுருளில் அது ஒரு குட்டி மின்னோட்டத்தை எழுப்பும்.

இந்தக் குட்டி மின்னோட்டத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய சுவிட்சை எப்படித் தள்ளுவது? தள்ளவே வேண்டாம். எலிப்பொறியை நினைத்துப் பாருங்கள். பொறியை மூடும் பலம் எலியுடையது அல்ல, விறைத்து நிற்கும் ஸ்பிரிங்குடையது. எலி வடையை லேசாக அசைத்தால் போதும். ஆர்சிசிபியின் லீவரை நாம் மேலே தள்ளும்போதே உள்ளே ஸ்பிரிங் விறைப்பாகிறது. அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சிறு நிலைக்காந்தம். சுருளில் எழுந்த மின்னோட்டம் அந்தக் காந்தத்தின் பிடியைத் தளர்த்துகிறது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஏசி மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒரு பாதி ஆட்டத்தில் அது காந்தத்துக்குத் துணைபோகும், மறு பாதியில் எதிர்க்கும். எதிர்க்கும் பாதி வரும்போது பிடி விட்டுப்போகிறது. அதற்கு நொடியில் நூறில் ஒரு பங்குக்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் பாய்ந்து ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டித்துவிடும். வெளியிலிருந்து பேட்டரியோ தனி மின்சாரமோ எதுவும் வேண்டாம். கசிந்த கரண்டே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது, நம் கை ஏற்றிவைத்த பலம் நம்மைக் காப்பாற்றுகிறது.

சரி, திண்டுக்கல் வீட்டுக்குத் திரும்புவோம். மாடிப் பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்துவிட்டன. இப்போது வீட்டில் எங்கே எது ஓடினாலும், நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு சிறு பங்கு எர்த் வழியாக நழுவிவிடும். 9 வாட் எல்இடி பல்பு எடுப்பதே 40 மில்லி ஆம்பியர்தான். அதில் நூறில் ஒரு பங்கு நழுவினால் யாருக்குத் தெரியும்? 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். அதே நூறில் ஒரு பங்கு இப்போது 40 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழுந்துதான் ஆக வேண்டும். அயர்ன் பாக்ஸ்மேல் ஒரு குற்றமும் இல்லை. இதை அப்படியே விட்டுவைத்து, கோடையில் எர்த் பள்ளமும் காய்ந்து, மெயின் பக்கம் நியூட்ரலும் அறுந்தால், வாஷிங் மெஷின் உடம்பெல்லாம் கரண்ட் ஏறி நிற்கும்.

கரண்ட் ஆளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று நம் ஊரில் சொல்வார்கள். இழுப்பது கரண்ட் அல்ல, நம் தசைகள்தான். விரலை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை. இரண்டும் ஒன்றாகச் சுருங்கும்போது கை மூடிக்கொள்கிறது. எவ்வளவு கரண்ட் வரை கையை விடுவிக்க முடியும் என்று அமெரிக்காவின் பெர்க்லியில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர் தன்னார்வலர்களை வைத்து அளந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. பிறகு 1961இல் 5 மில்லி ஆம்பியரிலேயே துண்டிக்கும் கருவியை உருவாக்கினார். யாருக்கும் உடனடி லாபம் தராத இந்த மாதிரி அளவீடுகளுக்கு நம் அரசுகள் தயங்காமல் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் நாமே எதையும் தொடக் கூடாதா? தொடலாம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே ஒரு நல்ல கோடு போட்டன. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை, இணைப்பின் திறனோ தன்மையோ மாறாமல் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்ட வேலை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாகத்தான் நடக்க வேண்டும். புது பாயிண்ட் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கிறது. சுவிட்ச் மாற்றுபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தால் பாதி வீட்டுக்கு இன்வெர்ட்டர் 230 வோல்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். அதையும் தனியாக அணையுங்கள். இன்னொன்று, ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் ஆர்சிசிபி விழாது. போனதெல்லாம் திரும்பி வந்துவிடுவதால், அதன் கணக்கில் நீங்களும் ஒரு பல்புதான்.

அதற்காக, கூலிக்கு வந்தவர் சொல்வதெல்லாம் சரி என்றும் ஆகாது. ஐடிஐயில் வயர்மேன் படிப்பு இரண்டு வருடம். தமிழ்நாட்டில் மின் உரிம வாரியம் வயர்மேன்களுக்குத் தகுதிச் சான்றிதழ் தருகிறது. அது இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். டைல்ஸ் கடையில் மணிக்கணக்கில் தேடிப் பார்க்கிறோம், சுவருக்குள் உயிரோடு ஓடுவதைச் செய்ய வருபவரிடம் ஒரு கேள்வி கேட்பதில்லை. விழுகிற ஆர்சிசிபியைக் கழற்றச் சொல்பவரை நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

திண்டுக்கல் நண்பரே, சான்றிதழ் உள்ள ஒருவரை அழைத்து, முதலில் மாடிப் பெட்டியைத் திறந்து அந்த இரண்டு வயரையும் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு அயர்ன் பாக்ஸைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால், 500 வோல்ட் மெக்கர் (வயரின் மேலுறை கரண்டைக் கசியவிடுகிறதா என்று அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு லைனையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனில்தான் கசிவு. எல்லாம் முடிந்ததும் ஆர்சிசிபியில் 'டி' என்று போட்ட பொத்தானை அழுத்துங்கள். அது ஒரு மின்தடை வழியாகக் கொஞ்சம் கரண்டை வளையத்துக்கு வெளியே திருப்பிவிட்டு, நிஜக் கசிவு மாதிரியே காட்டும். உடனே விழ வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்துவாருங்கள்.