பனல் பூட்டியும் இருட்டுக்குள் இருந்த மாஸ்டர்

2022 மார்ச் கடைசியில் ஒருநாள் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த இரவுதான் கொக்குவிலில் இருந்து ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, காசைக் கொட்டிக் கூரை முழுக்கச் சூரியப் பனல் பூட்டினனான். பக்கத்து வீட்டுக்காரனும் இருட்டுக்குள்ள, நானும் இருட்டுக்குள்ள. பகலில வெயில் கொளுத்தேக்கயும் ஃபேன் சுத்தேல்லை. பிறகு எனக்கு என்னத்துக்கு இது?"

பூட்டிக் கொடுத்தவன் நான். பிழை பனலில் இல்லை, என்னில்தான். பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றி லைனோடு இணைக்கிற இன்வேட்டர், லைனில் கரண்ட் இருந்தால் மட்டும் வேலை செய்யும். லைன் செத்தால் ஓரிரு செக்கனில் தானும் நின்றுவிடும். நிற்காவிட்டால், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற ஊழியருக்கு எங்கள் கூரையில் இருந்து அடிக்கும். இதைப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிற அவசரத்தில் ஒருதரம் சொல்லியிருந்தேன். அது சொன்னதாகாது. இப்போது முதல் கதையே இதுதான்: பில் குறைய வேண்டுமா, வெட்டு நேரத்தில் விளக்கு எரிய வேண்டுமா? இரண்டும் வேண்டுமென்றால், லைன் இல்லாதபோதும் பற்றரியில் ஓடுகிற ஹைபிறிட் இன்வேட்டரும் பற்றரியும் வேண்டும், காசும் கூடும். 5 யூனிற் லித்தியம் பற்றரி இருந்தால் இரண்டு ஃபேன், நாலைந்து விளக்கு, பிறிஜ், ரவுட்டர் இரவு தாங்கும். அயன் பண்ணவோ தண்ணி மோட்டர் போடவோ அதை நம்பக்கூடாது.

வேலைக்குப் போகிற இடமெல்லாம் கேட்கிற இன்னொரு கேள்வி, "எண்ணெய் எப்ப முடியும்?" உலகத்தில் எடுக்கக்கூடியது என்று கணக்கிட்டிருப்பது ஏறக்குறைய 1 லட்சத்து 70 ஆயிரம் கோடி பீப்பாய். நாளொன்றுக்கு எரிப்பது கிட்டத்தட்ட 10 கோடி. வகுத்தால் 47 வருடத்துக்குக் கிட்ட வரும். ஆனால் 1980இல் இதே மாதிரி வகுத்தபோது 30 வருடம்தான் வந்தது. அதன்படி எப்போதோ முடிந்திருக்க வேண்டும். புதிய வயல்களும், பாறையை உடைத்து எடுக்கிற முறையும் வந்து கணக்கு நீண்டுபோனது. அதற்காக மிஞ்சியிருப்பது லேசில் எடுக்கக்கூடிய எண்ணெய் என்றில்லை. கோடையில் கிணறு வற்ற வற்றக் கயிற்றை நீட்டுகிறோமே, அப்படித்தான்: ஆழமும் கூட, செலவும் கூட.

எனக்கு இந்த வருடக் கணக்கில் பெரிய அக்கறை இல்லை. யாழ்ப்பாணத்துக்கு எண்ணெய் ஏற்கனவே இரண்டுதரம் முடிந்திருக்கிறது. முதலாவது, தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அப்பா துளிப் பெற்றோலைக் காட்டி மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். அந்தப் புகை மணம் சட்டையை விட்டுப் போகாது. இரண்டாவது 2022. உலகச் சந்தையில் எண்ணெய் இருந்தது, வாங்க எங்களிடம் டொலர் இல்லை. 1969இல் கட்டிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையமே மசகு (கச்சா) எண்ணெய் இல்லாமல் மூடிக் கிடந்தது. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. கடற்றொழிலாளருக்கும் தோட்டக்காரருக்கும் விழுந்த அடி அது.

அதற்குப் பிறகுதான் புத்தூர்ப் பக்கம் வெங்காயம் செய்கிற ஒரு அண்ணை சூரிய பம் கேட்டு வந்தார். பற்றரி இல்லாமல் பனலில் இருந்து நேரே ஓடுகிற பம். பூட்டி முடித்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். எட்டு மணிக்குக் குழாயில் விரல் மொத்தத்தில் தண்ணி. பத்தரைக்கு வாய் நிரம்பிப் பாய்ந்தது. வாய்க்காலில் காலை வைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பின்னேரம் பனை நிழல் ஒரு பனலில் மட்டும் விழ, முழு வரிசையும் தளர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருப்பதால் ஒன்று சோர்ந்தால் எல்லாம் சோரும். பனையைத் தறிக்க அவர் சம்மதிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பனல் பூட்டின இரும்புச் சட்டத்தைப் பத்தடி தள்ளி வைத்தோம்.

ஆனால் எனக்குப் பயம் வேறிடத்தில். மண்ணெண்ணெயில் தண்ணி இறைக்கிற மெசினை நிற்பாட்டியது எண்ணெய் விலை. சூரியனுக்கு விலை இல்லை. எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைத்தண்ணி கடல்தண்ணிக்கு மேலே ஒரு படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். ஏறினதை இறக்குவது லேசில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்து பட்ட பாடும் எங்களுக்கு மறக்கவில்லை. எண்ணெயை விட்டு வந்து தண்ணியைக் கெடுத்தால் என்ன மிச்சம்?

மின்சாரத்திலும் இதே மாதிரிச் சிக்கல் உண்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைப் பனல்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. பகலில் மிஞ்சுகிறது, பொழுதுபட்டால் போதவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு 2024இல் ஒப்பமிட்ட இந்திய உதவித் திட்டத்திலும் சூரியன், காற்று, பற்றரி எல்லாவற்றோடும் டீசல் இயந்திரம் ஒன்று காவலுக்கு நிற்கிறது. டீசலை அடியோடு விட்டுவிட்டோம் என்று யாரும் விளம்பரம் செய்தால் நான் நம்பமாட்டேன்.

போன மாசம் புத்தூருக்குப் போனேன். கிணற்றுக் கட்டில் அண்ணை வெள்ளைப் பெயின்ரால் ஒரு கோடு இழுத்திருந்தார். "இதுக்குக் கீழ தண்ணி போனா, எவ்வளவு வெயில் எறிச்சாலும் நிப்பாட்டிப் போடுவன் தம்பி," என்றார். பம் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது. மணி பதினொன்று.