ஆல்டர்னேட்டர் மாற்றினீர்கள், பெல்ட் வரி சரியாக உட்கார்ந்ததா?

போன வாரமும் ஒரு வண்டி. பெங்களூருக்குக் கிளம்பிய குடும்பம், பள்ளிகொண்டா தாண்டி நின்றுவிட்டது. வேலூருக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பானெட்டைத் திறந்தால் அதைச் சுற்றவைக்கும் பெல்ட் நார்நாராகப் பிரிந்து, எஞ்சின் முனையில் உள்ள கிராங்க் புல்லிச் சக்கரத்தில் சுற்றிக் கிடக்கிறது. பேட்டரி லைட் எரிந்தும், ஆம்பூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டிக்காரர் ஓட்டியிருக்கிறார். அந்த வண்டியில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான். பம்ப் நின்று எஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது.

பெல்ட்டில் நீளவாக்கில் ஆறு வரி மேடுகள்; அவை புல்லியின் பள்ளங்களில் உட்கார வேண்டும். ஆல்டர்னேட்டர் புல்லியில் ஒரு பள்ளம் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். மாட்டிய கையோடு ஒவ்வொரு புல்லி ஓரத்தையும் விரலால் தடவியிருந்தாலே தெரிந்திருக்கும்.

"அண்ணா, சத்தம் வராம நல்லா டைட்டா போட்டுடுங்க." இதைக் கேட்காத நாள் இல்லை. தயவுசெய்து கேளுங்கள்: ஸ்பிரிங் டென்ஷனர் (பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உருளை) உள்ள வண்டியில் டைட் வைப்பது ஸ்பிரிங்கின் வேலை. சரியான நீளத்துப் பெல்ட் போட்டால் போதும். கையால் டைட் வைக்கும் வண்டியில் கடப்பாரையால் நெம்பி இழுத்தால் சத்தம் அன்றைக்கு அடங்கும். அப்புறம் புது ஆல்டர்னேட்டரின் பேரிங் ஊளையிடும், வாட்டர் பம்ப் ஒழுகும். உடனே ஆல்டர்னேட்டர் டூப்ளிகேட் என்று சண்டை! சோப்பு தேய்ப்பதும் எண்ணெய் விடுவதும் இன்னும் மோசம். எஞ்சின் ஓடும்போது தள்ளி நின்று பெல்ட்டின் வரிப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் அடங்கித் திரும்ப வந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை. கூடினால்தான் லூஸ்.

பழைய ஆல்டர்னேட்டரையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளங்களின் எண்ணிக்கை, புல்லியின் விட்டம், ஒரு பக்கம் மட்டும் சுற்றும் கிளட்ச் புல்லியா என்பது, எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பெல்ட் கையில் இருக்கும்போதே டென்ஷனர் உருளையையும், பெல்ட்டைத் திருப்பிவிடும் ஐட்லர் உருளையையும் கையால் சுற்றிவிடுங்கள். கரகரத்தால் மாற்றுங்கள். இப்போது வரும் இபிடிஎம் ரப்பர் பெல்ட்டுகள் சீக்கிரம் வெடிப்பதில்லை, டயர் போல வரி தேய்கிறது. வெடிப்பு இல்லையே என்று பழையதை மாட்டாதீர்கள்.

தம்பிகளே, முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெல்ட்டைக் கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுங்கள். வரிப் பக்கம் வரி புல்லிக்கு, வழவழ முதுகு வழவழ உருளைக்கு. முதுகில் ஓடும் வாட்டர் பம்பைப் பாதை மாற்றிச் சுற்றினால் அது தலைகீழாகச் சுற்றும், எஞ்சின் கொதிக்கும். ஸ்டார்ட் போடும் முன் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றி, திரும்ப ஒருமுறை ஓரங்களைத் தடவுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும்.

ஓட்டுபவர்களே, போகும்போது பேட்டரி லைட் எரிந்தால் ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.